எங்கள் பெயரில் வந்த கிரைண்டர்

2009ஆம் வருஷம், ஆடி மாதம். தாராபுரம் பக்கமிருந்து ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்து, பழைய சேலையில் சுற்றிய டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றைக் கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் பட்டறைத் திண்ணையில் இறக்கி வைத்தார். கல்லோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். கை சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏனுங்ண்ணா, உங்க பேரப் பாத்துத்தானுங்க வாங்குனேன். ஆறு மாசங்கூட ஆகலீங்க. மாவுல மண்ணு நறநறங்குது. மோட்டார்ல கருகுன வாசம் வருது."

அவருடைய அக்கா வீட்டில் எங்கள் கிரைண்டர் ஒன்று பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்ததாம். அதைப் பார்த்துத்தான் அதே பெயரைக் கேட்டு வாங்கியிருக்கிறார். கெட்டுப்போனதும், அக்கா வீட்டுக் கிரைண்டரின் உத்தரவாதச் சீட்டில் இருந்த முகவரியை எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சேலையைப் பிரித்தேன். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. எங்கள் ஸ்டிக்கர்தான். எங்கள் அம்மாவின் பெயர்தான். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மட்டும் கூடுதலாக இருந்தது. தமிழில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் டிரம்மைத் தூக்கியதுமே கைக்குத் தெரிந்துவிட்டது, இது நாங்கள் செய்ததில்லை என்று.

அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் கை கழுவப் பார்க்கிறேன் என்றுதானே நினைப்பார்? அவரை உட்கார வைத்து, அவர் கண் முன்னாலேயே பிரித்துக் காட்டினேன்.

முதலில் மோட்டார். வைண்டிங் பார்வைக்குச் செம்பாக மினுங்கியது. ஒரு கம்பியை இழுத்துப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு மேல்பூச்சு. செம்போடு ஒப்பிட்டால் அலுமினியம் ஏறக்குறைய 60 சதவீதம்தான் மின்சாரத்தைக் கடத்தும். அதே வேலையைச் செய்ய வேண்டுமானால் கம்பி தடிமனாக இருக்க வேண்டும். ஆனால் கம்பியைச் சுற்றும் ஸ்டேட்டரில் இருக்கும் பள்ளம் அதே அளவுதான்; தடிமனான கம்பி அதற்குள் அடங்காது. அதனால் மெல்லிய கம்பியையே சுற்றிவிடுகிறார்கள். உளுந்து ஊறாமல் கொஞ்சம் கெட்டியாக விழுந்தால் மோட்டார் சூடேறும், வார்னிஷ் கருகும். அந்த வாசம்தான் அவர் சொன்ன வாசம். எடையில் கண்டுபிடிக்கலாம்: செம்பு அலுமினியத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கனம். அந்த மோட்டாரை ஒரு கையிலும் எங்கள் மோட்டாரை மறு கையிலும் கொடுத்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

அடுத்தது கல். வெந்நீரில் சோடா போட்டுத் தேய்த்தபோது கறுப்பு கரைந்து ஓடியது. அடியில் சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினாலே துகள் உதிர்கிற கல். கிரைண்டருக்குக் கல்தான் உயிர். ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்லை நாங்கள் விரும்பி வாங்குவது அது இறுகிய கல் என்பதால்தான். கொத்தினால் கொத்து நிற்கும், தேய்மானம் மெதுவாக வரும், மாவில் துகள் சேராது. நல்ல கல்லைச் சுத்தியால் தட்டினால் வெண்கலம்போல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மொத்தென்று அடங்கிவிடும். என் அப்பா ஒரு லோடு கல்லையும் தட்டிப் பார்க்காமல் இறக்கவிட்டதில்லை. பத்தில் இரண்டு திரும்பிப் போகும். அந்த இரண்டின் விலையையும் மீதி எட்டுதான் சுமக்கும்.

கடைசியில் டிரம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. 304 வகை எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. புளித்த மாவும் உப்பும் சில மாதம் பட்ட பிறகுதான் வித்தியாசம் தெரியும்: ஊசி குத்தியதுபோலப் பழுப்புப் புள்ளிகள். அந்த டிரம்மில் அவை வரிசையாக இருந்தன.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நாங்கள் காசு செலவழிக்கும் இடம் எதுவும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. கம்பி மோட்டாருக்குள்ளே இருக்கிறது. கல்லின் தரம் கல்லுக்குள்ளே இருக்கிறது. மிக்ஸி நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றை ஒட்டி ஓடும். கிரைண்டர் டிரம் 150 சுற்று அளவில் நிதானமாகத் திரும்பும். மாவு சூடாகாமல் பொங்குவதற்கு அந்த நிதானம்தான் காரணம். அந்த நிதானத்தைப் பல வருஷம் தாங்குமா என்பதைக் கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் வாங்குபவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி பெயர். அக்கா வீட்டில் பதினைந்து வருஷம் ஓடியதன் நினைவு அந்த மஞ்சள் ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கிறது. அதைத்தான் யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாவுக்குப் புது மோட்டாரும் புதுக் கல்லும் டிரம்மும் மாற்றிக் கொடுத்தேன். பணம் வாங்கவில்லை. மறு வாரம் வக்கீலைப் பார்க்கப் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. "பேரை டிரேட் மார்க்கா பதிவு பண்ணியிருக்கீங்களா?" பண்ணவில்லை. 1978இல் அப்பா பட்டறை ஆரம்பித்தபோது, "நம்ம பேர எவன்டா எடுக்கப் போறான்" என்று விட்டுவிட்டார். நானும் அப்படியே விட்டேன். ஆனால் அப்பா ஒரு காரியம் செய்திருந்தார்: ஒரு பில்லையும் தூக்கி எறிந்ததில்லை. தகரப் பெட்டி நிறைய முப்பது வருஷத்துப் பில் புத்தகங்கள். வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "இது போதும், நீங்க பொழச்சீங்க" என்றார்.

பதிவு செய்யாத பெயருக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஒருவர் நீண்ட காலம் உழைத்துச் சேர்த்த நற்பெயரை இன்னொருவர் தன் பொருளின் மீது ஒட்டி விற்கக் கூடாது என்பது பழைய நியதி. 1999ஆம் வருஷத்து வணிகக் குறிச் சட்டமும் அதை ஏற்கிறது. ஆனால் நற்பெயர் இருக்கிறது என்று நாமே நிரூபிக்க வேண்டும். இன்னொரு சிரமமும் உண்டு. பதிவு செய்த குறியாக இருந்தால், போலி எங்கே விற்றாலும் நாம் தொழில் நடத்தும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். 134ஆம் பிரிவு அந்த வசதியைத் தருகிறது. பதிவு இல்லாதவர் எதிராளியின் ஊருக்கு, அல்லது போலி விற்ற ஊருக்குப் போக வேண்டும். கணபதியிலிருந்து வேறு மாவட்டத்து நீதிமன்றத்துக்கு நான் இரண்டு வருஷம் பஸ் ஏறினேன். போகும் நாளெல்லாம் பட்டறையில் அசெம்பிளி பாதியில் நிற்கும்.

அந்தப் பயணங்களில்தான் வக்கீல் கொடுத்த பழைய தீர்ப்புகளைப் படித்தேன். 1969இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த டீசல் என்ஜின் வழக்கு ஒன்று. ஒருவருடைய பெயர் 'ரஸ்டன்'. இன்னொருவர் 'ரஸ்தம் இந்தியா' என்று போட்டு விற்றார். 'இந்தியா' என்று சேர்த்துவிட்டால் வேறு பெயராகிவிடுமா? ஆகாது என்றது நீதிமன்றம். எங்கள் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டியவருக்கும் அதே பதில்தான்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது 1962ஆம் வருஷத்து 'அமிர்ததாரா' வழக்கு. ஒரு மருந்தின் பெயர் 'அமிர்ததாரா', எதிர்த்தரப்பின் பெயர் 'லட்சுமண்தாரா'. இரண்டு சீசாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. சாதாரண அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒருவர் கடைக்குப் போனால் குழம்புவாரா என்றுதான் பார்க்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். தாராபுரத்து அம்மாவை நேரில் பார்த்ததுபோல இருந்தது எனக்கு. பெயர்கள் குழப்பம் தரும் என்றே முடிவு செய்தார்கள். அப்படியிருந்தும் லட்சுமண்தாராவுக்கு உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் பதிவு கிடைத்தது. காரணம், அமிர்ததாராக்காரர்கள் தெரிந்தும் பல வருஷம் பேசாமல் இருந்துவிட்டார்கள். இன்றைய சட்டத்தின் 33ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது: பின்னால் வந்த ஒருவர் பதிவு செய்த பெயரைப் பயன்படுத்துவது தெரிந்தும் ஐந்து வருஷம் தொடர்ந்து சும்மா இருந்தால், அவர் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்யாதவரை, அதைத் தடுக்கும் உரிமை போய்விடும். "போகட்டும், பொழச்சுக்கட்டும்" என்று விட்டுக்கொடுக்கும் நம் ஊர்க் குணத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெயர் விஷயத்தில் அந்தக் குணம் ஆகாது.

வழக்கு என்ன ஆனது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடைக்காலத் தடை கிடைத்தது. நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் எதிராளியான டீலரின் கடை மேஜை டிராயரில் எங்கள் ஸ்டிக்கர் நானூறை எடுத்தார். இனி அந்தப் பெயரைத் தொடமாட்டேன் என்று டீலர் எழுதிக் கொடுத்தார். வழக்குச் செலவில் ஒரு பகுதி வந்தது. இழந்த வியாபாரத்துக்கு ஒன்றும் வரவில்லை.

அந்த டீலர் கிரைண்டர் எதுவும் செய்பவர் இல்லை. ஸ்டிக்கர் மட்டும்தான் அவர் அச்சடித்தது. கிரைண்டர் வந்தது எங்கள் கோயம்புத்தூரிலிருந்தே. இங்கே சில பட்டறைகள் பெயர் எதுவும் ஒட்டாமல் வெறும் பெட்டியாக விற்கும். வாங்குகிறவர் தனக்கு வேண்டிய பெயரை ஒட்டிக்கொள்ளலாம். அப்படி அந்தப் பெட்டியை விற்றவர் எனக்குத் தெரிந்தவர். சிறு வயதில் என் அப்பாவின் லேத்தில் நின்று கற்றவர். போய்க் கேட்டேன். "நான் ஒண்ணும் பேர் ஒட்டலீங்களே, மாப்ள. கேட்ட விலைக்குச் செஞ்சு குடுத்தேன்" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். விலை குறைந்த கிரைண்டர் தேவைப்படும் வீடுகள் இருக்கின்றன. வாரம் ஒரு முறை அரை லிட்டர் அரிசி போடும் வீட்டுக்கு அலுமினிய மோட்டார் சில வருஷம் ஓடலாம். அதைத் தன் பெயரில், இது அலுமினியம் என்று சொல்லி அவர் விற்றால் அது நியாயமான வியாபாரம்.

நகல் எடுப்பதையும் நான் பாவம் என்று நினைக்கவில்லை. இந்தக் கிரைண்டரை 1955இல் கோயம்புத்தூரில் உருவாக்கியவர் சபாபதி. ஆட்டுக்கல்லையும் மோட்டாரையும் சேர்க்கலாம் என்று அவர் காட்டினார். அவர் செய்ததைப் பார்த்துத்தான் இந்த ஊரில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன, என் அப்பாவின் பட்டறை உட்பட. ஒருவர் கவிழ்க்கும் வகை செய்தார், இன்னொருவர் மேஜை மேல் வைக்கும் வகை செய்தார், எல்லாரும் எல்லாரிடமிருந்தும் கற்றார்கள். கருவியின் வேலை எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும். சட்டமும் அப்படித்தான் வகுத்திருக்கிறது. காப்புரிமைக்கு ஆயுள் 20 வருஷம்; வடிவமைப்பைப் பதிவு செய்தால் 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5; அதன் பிறகு ஊருக்குச் சொந்தம். இவற்றில் வணிகக் குறி ஒன்றுதான் பத்து வருஷத்துக்கொரு முறை புதுப்பித்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொள்ளக் கூடியது. அதன் நியாயம் எனக்கு நீதிமன்றத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. என் கிரைண்டரைப் பார்த்து அதேபோலச் செய்கிறவர் என்னிடம் கற்றுக்கொள்கிறார். என் பெயரை ஒட்டுகிறவர் அந்த அம்மாவிடம் பொய் சொல்கிறார்.

இனிச் சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமானது.

போலி சந்தையில் இருந்த அந்த வருஷம் எங்கள் விற்பனை பாதியானது. டீலர்கள் இரண்டு பெட்டியையும் காட்டி, "பேரு ஒண்ணுதானுங்க, அது எழுநூறு ரூபா கம்மியா வருது" என்பார்கள். பதினோரு பேருக்குச் சம்பளம் போட வேண்டும். ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், ஒரு ரீல் அலுமினியக் கம்பி வாங்கிக்கொண்டு வந்தேன். விலை குறைந்த மாடல் ஒன்றுக்கு மட்டும், நிலைமை சரியாகும்வரை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்களிடம் இருபது வருஷமாக வைண்டிங் செய்யும் அக்கா ரீலைக் கையில் எடுத்ததுமே எடையில் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, இதுல சுத்துனா ஆறு மாசத்துல திரும்பி வரும். அப்ப அம்மா பேரு போட்ட மோட்டாரப் பிரிக்கறதும் நாந்தான். என் கைல அதைப் பிரிக்கச் சொல்லாதீங்க."

திங்கட்கிழமை ரீலைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறக்கவில்லை. போலியால் நல்ல தயாரிப்பாளருக்கு வரும் நஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் விற்பனைக் கணக்கைத்தான் சொல்வார்கள். அதைவிடப் பெரிய கேடு தயாரிப்பாளரின் மனசுக்குள்ளே நடக்கிறது. தரத்துக்குச் செலவழித்த காசு தன் பெயர் வழியாகத் திரும்பி வராது என்று தெரிந்த நாளில், கல்லைத் தட்டிப் பார்க்கும் சுத்தி தானாகவே கீழே இறங்குகிறது. பத்தில் இரண்டைத் திருப்பி அனுப்ப மனம் வராது. பிறகு அசலும் போலியாகிவிடும். போலிப் பெயர் வழக்கில் வணிகக் குறிச் சட்டம் தரத்தைப் பார்ப்பதில்லை. பொருள் நல்லதா கெட்டதா என்று அது கேட்பதில்லை, யாருடையது என்று மட்டும் கேட்கிறது. ஆனாலும் அந்த ஒரு கேள்வியை யாரோ காவல் காத்தால்தான் பட்டறையில் தரம் நிற்கிறது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். எங்கள் உற்பத்தியாளர் சங்கத்தின் முயற்சியால் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்றது. கிண்டியில் இருக்கும் பதிவகத்தில் 2005-06 கணக்கில் சேர்ந்தது. நல்ல காரியம். இது தனியார் சொத்து இல்லை, விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. ஆனால் ஊர்ப் பெயரைக் காக்க வேண்டுமானால், அந்தப் பெயரோடு போகும் கல்லையும் கம்பியையும் யாராவது தொடர்ந்து தட்டிப் பார்க்க வேண்டும். அந்த வேலையில் நாங்கள் இன்னும் சோம்பலாகத்தான் இருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். கோயம்புத்தூருக்குள் செய்த மட்டமான கிரைண்டரும் கோயம்புத்தூர்க் கிரைண்டர்தான் என்று வாதாட முடிகிறது என்றால், அந்தப் பெயர் பாதிதான் காக்கப்பட்டிருக்கிறது.

2009 கடைசியில் எங்கள் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்ய ஏழாம் வகுப்பில் விண்ணப்பித்தேன். மின்சாரத்தில் ஓடும் கிரைண்டர்கள் அந்த வகுப்பில்தான் வரும். விளம்பர இதழில் வந்து, ஆட்சேபத்துக்கான நான்கு மாதம் கழிந்து, சான்றிதழ் கைக்கு வர வருஷங்கள் ஆயின. ஆனால் பதிவு கணக்காவது விண்ணப்பித்த தேதியிலிருந்து. 2019இல் புதுப்பித்தேன். இன்று சிறு தொழில் நடத்துபவர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான் அரசுக் கட்டணம். எங்கள் தெருவில் இன்னும் பதிவு செய்யாத பட்டறைகள் பல இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன். புதிதாக ஆரம்பிக்கும் பையன்களிடம் இன்னொன்றும் சொல்கிறேன்: சாமி பெயரை வைக்காதீர்கள். பக்தி வேறு, காவல் வேறு. எல்லாரும் வைக்கும் பெயரை உங்களுக்கு மட்டும் என்று எந்த நீதிமன்றமும் எளிதில் கொடுக்காது. ஊதுபத்திக்கு வைத்த 'ராமாயண்' என்ற பெயரை ஒருவருக்கு மட்டும் உரியதாக்க முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

வழக்குக்குப் பிறகு பட்டறையில் ஒரு மாற்றம் செய்தோம். ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம். அதனால் டிரம்முக்குக் கீழே வரும் வார்ப்பிலேயே பெயரை எழுப்பி வார்க்கிறோம். கல்லின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உளியால் சின்னதாக மூன்று கோடு. அப்பா காலத்தில் தட்டிப் பார்த்துத் தேறிய கல்லுக்கு அவர் போட்ட அடையாளம் அது. நடுவில் நாங்கள் விட்டுவிட்டிருந்தோம்.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். கிரைண்டரோ பம்ப்செட்டோ, குக்கரோ, பெயரைப் பார்த்து வாங்கிய ஒரு பொருள் சீக்கிரம் கெட்டுப்போனால், "அந்தக் கம்பெனி இப்பல்லாம் சரியில்ல" என்று பக்கத்து வீட்டில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். பில்லை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்கு உரியவருக்கு ஒரு போன் செய்யுங்கள், அல்லது ஒரு கார்டு எழுதுங்கள். அவர் செய்ததாக இருந்தால் திருத்திக்கொள்வார். அவர் செய்யாததாக இருந்தால், நீங்கள் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது. தாராபுரத்து அம்மா இரண்டு பஸ் மாறி வந்திருக்காவிட்டால் எனக்கும் அப்போது தெரிந்திருக்காது.